அன்னத்தின் 61ஆம் எண்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் ஃபோன் செய்து, "தம்பி, இருபது நிமிஷம் பேசணும். தலைப்பு உங்க இஷ்டம். ஆனா வெற்றிக்கு ஏழு வழி மட்டும் வேண்டாம். போன தடவை மூணு பேர் அதையே பேசிட்டாங்க" என்றார். அவருக்கு நன்றி. ஏழு வழியில் ஒரு வழிகூட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு நட்சத்திரம். அதைப் பற்றிப் பேசுகிறேன். கூடவே, இதே கல்லூரியில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் இந்த மேடைக்கு ஒப்புக்கொண்டேன்.

நட்சத்திரத்தின் பெயர் 61 சிக்னி. சிக்னஸ் என்றால் அன்னம். பால்வீதியில் சிறகு விரித்துப் பறக்கும் அந்த அன்னக் கூட்டத்தில், ஃப்ளாம்ஸ்டீட் என்கிற ஆங்கில வானியலாளரின் பட்டியல்படி 61ஆம் எண். ரோகிணி, திருவாதிரை மாதிரி அழகான பெயர் எதுவும் இதற்குக் கிடையாது. ஹாஸ்டல் ரூம் நம்பர் மாதிரி ஒரு எண், அவ்வளவுதான். காரணம், அது அவ்வளவு மங்கல். நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்கும் கணக்கில் எண் கூடக் கூட ஒளி குறையும். நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்குத் தெரியும் எல்லை ஏறத்தாழ 6. இதன் எண் 5.2. நகரத்து வெளிச்சத்தில் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. நம் கல்லூரி மொட்டை மாடியிலிருந்துகூட, மைதானத்து விளக்கை அணைத்தால்தான் தெரியும்.

ஒரு சின்ன டெலஸ்கோப் இருந்தால் இன்னொரு வேடிக்கை. அது ஒன்றல்ல, இரண்டு. பக்கத்தில் 6.0 பிரகாசத்தில் ஒரு துணை நிற்கும். இரண்டும் ஆரஞ்சு நிறம். பெரியதன் மேற்பரப்பு வெப்பநிலை ஏறக்குறைய 4,500 கெல்வின், சின்னதற்கு ஏறக்குறைய 4,100. நம் சூரியனுக்கு 5,770. 'ஆரஞ்சு' என்றதும் அடுப்புக்கரி ஞாபகம் வரும். ஆனால் பழைய குண்டு பல்பின் இழை 2,700 கெல்வின்தான். அதைவிட இந்த நட்சத்திரம் எவ்வளவோ சூடு. பக்கத்தில் வெள்ளையும் நீலமுமாக மற்ற நட்சத்திரங்கள் இருப்பதால், ஒப்பிட்டுப் பார்க்கிற நம் கண்ணுக்கு இது ஆரஞ்சாகப் படுகிறது.

இஞ்சினியர்கள் பாஷையில் சொல்கிறேன். பெரியதன் நிறை சூரியனில் 70 சதவீதம். அது வெளிவிடும் ஆற்றல் 15 சதவீதம்தான். டேங்க் கொள்ளளவு முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு, பெட்ரோல் செலவோ ஏழில் ஒரு பங்கு. வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்று நீங்களே வகுத்துப் பார்க்கலாம். சூரியனின் ஆயுள் ஆயிரம் கோடி ஆண்டு என்றால், தோராயக் கணக்கில் இதற்கு அதைப்போல நான்கைந்து மடங்கு வரும். சின்னது இன்னும் சிக்கனம், எட்டு ஒன்பது சதவீதம்தான் செலவழிக்கிறது. ஆர்ப்பாட்டம் இல்லாமல் நெடுங்காலம் எரிகிற ஜாதி. இரண்டும் ஒன்றையொன்று ஒரு தடவை சுற்றிவர ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் ஆகும்.

சரி, வானத்தில் இத்தனை ஜொலிக்கிற நட்சத்திரங்கள் இருக்க, இந்த மங்கலை ஏன் பிடித்துக்கொண்டேன்? மனிதன் முதன்முதலாக, நம்பத்தக்க முறையில், தூரத்தை அளந்து அறிவித்த நட்சத்திரம் இதுதான். சூரியனைத் தவிர வேறு எந்த நட்சத்திரத்துக்கும் 1838ஆம் ஆண்டு வரை நம்மிடம் சரியான தூரக் கணக்கு இல்லை.

அளந்தவர் பெயரைக் கேட்டால் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நடுங்குவீர்கள். ஃப்ரெட்ரிக் வில்ஹெல்ம் பெஸல். ஆமாம், கணிதத் தாளில் நம்மைத் துரத்துகிற அதே 'பெஸல் ஃபங்ஷன்' பெஸல்தான். மனிதர் காலேஜ் பக்கமே போகாதவர். 1784இல் பிறந்து, பதினாலு வயதில் பள்ளியை விட்டு, பிரேமன் நகரத்தில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதப் போனார். கப்பல் சரக்கு வியாபாரம் என்பதால் கடல் பயணக் கணக்கு படித்தார். அதிலிருந்து வானியலுக்கு வந்தார். இருபது வயதில் ஹாலி வால்மீனின் பாதையைக் கணக்கிட்டுப் பெரியவர்களின் கண்ணில் பட்டார். 1810இல், இருபத்தாறு வயதுக்குள், கோனிக்ஸ்பர்க் வான் ஆய்வகத்தின் தலைவர். பட்டம் இல்லையே என்று பேச்சு வந்தபோது காஸ் சிபாரிசு செய்து ஒரு கௌரவப் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

தூரத்தை அளக்கும் தத்துவம் எளிது. இப்போதே செய்யுங்கள். கட்டை விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். பின்னாலிருக்கும் தூணுக்கு முன்னால் விரல் இடம் மாறித் தெரிகிறதல்லவா? இயற்பியல் லேபில் நாம் 'பாரலாக்ஸ்' என்று படித்த இடமாறு தோற்றம் அதுதான். இரண்டு கண்ணுக்குப் பதிலாக ஜனவரிப் பூமி, ஜூலைப் பூமி. நடுவில் முப்பது கோடி கிலோமீட்டர். பக்கத்து நட்சத்திரம், தூரத்து நட்சத்திரங்களின் முன்னால் கொஞ்சம் அசைந்து தெரிய வேண்டும். எவ்வளவு அசைகிறது என்பதை அளந்தால் தூரம் கிடைத்துவிடும்.

தத்துவம் கோப்பர்நிக்கஸ் காலத்திலிருந்தே தெரிந்ததுதான். அளக்கத்தான் முடியவில்லை. எந்த நட்சத்திரம் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தானே குறி வைக்க முடியும்? பளிச்சென்று இருப்பது பக்கத்தில் இருக்கும் என்பது பொதுவான எண்ணம். டோர்பாட் நகரத்தில் ஸ்ட்ரூவ என்பவர் பிரகாசமான வேகாவைப் பிடித்தார். பெஸல் வேறு மாதிரி யோசித்தார். பிரகாசத்தை விடு, நகர்வைப் பார். நெடுஞ்சாலையில் நின்றால் தூரத்து லாரி ஊர்வது போலவும் பக்கத்து சைக்கிள் விருட்டென்று போவது போலவும் தெரியும். அதே மாதிரி, வானத்தில் வேகமாக இடம் மாறும் நட்சத்திரம் பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

அந்த வேகத்தைக் கண்டு சொன்னவர் இத்தாலியர் பியாஸி. 1801இல் சீரஸ் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்தாரே, அவரேதான். 61 சிக்னி மற்றவற்றைவிட வேகமாக நகர்கிறது என்பதைக் கவனித்து, அதற்குப் 'பறக்கும் நட்சத்திரம்' என்று பெயர் கொடுத்தார். வேகம் என்றால் எவ்வளவு? ஆண்டுக்கு 5.2 விகலை. ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. ஒரு நிலா அகலத்தைக் கடக்க ஏறத்தாழ 350 ஆண்டு. இதற்குப் பெயர் பறப்பது! ஆனால் வானத்தின் கணக்கில் அது பறப்பதுதான்.

பெஸலிடம் இருந்த கருவி ஹீலியோமீட்டர். ஃப்ரான்ஹோஃபர் வடிவமைத்தது. டெலஸ்கோப்பின் முன்வில்லையை நட்டநடுவில் இரண்டாக அறுத்து, இரண்டு பாதியையும் ஒன்றின்மேல் ஒன்று நகரும்படி பொருத்தியிருப்பார்கள். ஒவ்வொரு பாதியும் தனித்தனியே முழுப் பிம்பம் தரும். ஒரு பாதியை நகர்த்தினால் ஒரு பிம்பம் மட்டும் நகரும். பக்கத்துச் சிறு நட்சத்திரத்தின் பிம்பத்தைக் கொண்டுவந்து, 61 சிக்னியின் இரண்டு நட்சத்திரங்களுக்கும் நடுமத்தியில் நிறுத்த வேண்டும். எவ்வளவு நகர்த்தினோம் என்பதைத் திருகின் அளவு சொல்லிவிடும். விலையுயர்ந்த வில்லையை அறுக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நம் மெக்கானிக்கல் நண்பர்களுக்குப் புரியும்.

1837 ஆகஸ்டில் தொடங்கி ஓராண்டுக்கும் மேல், வானம் தெளிந்த இரவெல்லாம் அளந்தார். ஒரே அளவைப் பெரும்பாலும் ஓர் இரவில் பதினாறு தடவை திரும்பத் திரும்ப எடுத்தார். 1838 இறுதியில் விடையை அறிவித்தார். 0.3136 விகலை. அந்தக் கோணம் எவ்வளவு சிறியது? பழைய 25 மில்லிமீட்டர் ஒரு ரூபாய் நாணயத்தைப் பதினாறு கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்திப் பார்ப்பது போல. தூரம் ஏறத்தாழ 10.4 ஒளியாண்டு.

அவர் அந்த எண்ணோடு நிறுத்தவில்லை. பக்கத்திலேயே, கூட்டல் கழித்தல் 0.0202 என்று தன் பிழையையும் எழுதினார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன். இன்று ஹிப்பார்க்கஸ், கையா போன்ற விண்கலங்கள் அளந்த பிறகு நமக்குத் தெரிந்த அளவு 0.286 விகலை. தூரம் 11.4 ஒளியாண்டு. பெஸலின் எண் சற்றுக் கூடுதல்தான். ஆனால் அவர் சொன்ன பிழையோடு வைத்துப் பார்த்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தன் அளவை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்தே அவர் நமக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

இனி என் கதை.

2011. நான் இறுதியாண்டு. இயற்பியல் துறையில் ஓர் ஆறு அங்குல டெலஸ்கோப் இருந்தது. வாரத்தில் பாதி நாள் அதன்மேல் சாக்குத்துணி மூடியிருக்கும். எங்கள் இயற்பியல் சார் (அவர் பெயர் வேண்டாம், இந்த அரங்கத்தில்தான் இருக்கிறார், எழுந்து போய்விடுவார்) ஒரு சிறு ஆய்வு கொடுத்தார். "61 சிக்னியோட ரெண்டு நட்சத்திரத்துக்கும் இடையிலே எத்தனை விகலை இருக்குன்னு அளந்து கொண்டுவா. பத்து நாள் ராத்திரி ரீடிங் வேணும்."

முறை இதுதான். கண்வில்லையில் குறுக்குக் கம்பி பொருத்தி, டெலஸ்கோப்பை அசையாமல் நிறுத்திவிட வேண்டும். பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் தாமாகவே பார்வைப் புலத்தில் ஊர்ந்து போகும். முதல் நட்சத்திரம் கம்பியைத் தொடும்போது ஸ்டாப்வாட்சை அமுக்கு, இரண்டாவது தொடும்போது மறுபடி அமுக்கு. கோணமானியால் இரண்டும் எந்தச் சாய்வில் நிற்கின்றன என்று அளந்துகொண்டால் கணக்கு முடிந்தது. விடை 31 விகலைக்குப் பக்கத்தில் வர வேண்டும். அதற்கான நேர இடைவெளி ஒன்றேகால் வினாடி.

ஒன்றேகால் வினாடி! என் கை தடுமாற்றமே கால் வினாடி. ஒரு தடவை 0.9 வரும், அடுத்த தடவை 1.6. போதாததற்கு ஐப்பசி மாதம். அன்னக் கூட்டம் சாயங்காலம் நன்றாக உயரத்தில் நிற்கும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் வந்து நிற்கும். ஆறு இரவுதான் கிடைத்தது. சமர்ப்பிக்க வேண்டிய தேதி வந்துவிட்டது.

நான் என்ன செய்தேன் என்று பின்வரிசையில் இருப்பவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். நீங்கள் சிரிப்பதைப் பார்த்தால் வழக்கம் இன்னும் மாறவில்லை போல. மீதி நாலு இரவையும் ஹாஸ்டல் அறையில் டீ குடித்துக்கொண்டே எழுதினேன். எடுத்த ஆறிலும் 'ஒத்துவராத' ரீடிங்குகளை அடித்தேன். புத்தகத்தில் 31 இருக்கிறது, எனக்கு 31.2 வந்தது. சந்தேகம் வரக்கூடாது என்றுதான் அந்தப் புள்ளி இரண்டு. அவ்வளவு கெட்டிக்காரத்தனம்.

சார் நோட்டை வாங்கிப் புரட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. "வாப்பா, ஒரு டீ சாப்பிடலாம்" என்று கூட்டிக்கொண்டு போனவர், வழியில் சிவில் துறைக்குள் நுழைந்தார். அங்கே மழைமானிக்கு ஒரு ரெஜிஸ்டர் உண்டு. தினமும் காலையில் எடுத்த அளவு, தேதி வாரியாக. என் நோட்டை அதன் பக்கத்தில் விரித்து வைத்தார். தீபாவளிக்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை. நான் பதினெட்டு ரீடிங் எடுத்ததாக எழுதியிருந்த இரவு.

"ஏம்பா, அன்னைக்கு ராத்திரி நாப்பத்திரண்டு மில்லிமீட்டர் மழை. குடை பிடிச்சுக்கிட்டா பாத்தே?"

எனக்குத் தரையில் புதைந்துவிடலாமா என்றிருந்தது. திட்டுவார், மார்க்கைக் குறைப்பார், துறைத் தலைவரிடம் அனுப்புவார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டது ஒரே கேள்வி. "உன் கை எவ்வளவு தப்புப் பண்ணுதுன்னு உனக்குத் தெரியுமா?" தெரியாது சார் என்றேன். "அதைத்தானே அளக்கச் சொன்னேன். முப்பத்தொண்ணு எனக்குப் புஸ்தகத்திலேயே இருக்கே."

பிறகு அவர் ஒரு கதை சொன்னார். இங்கிலாந்தில் கிரீனிச் ஆய்வகம். மாஸ்கெலின் தலைவர். கின்னப்ரூக் என்று ஓர் இளம் உதவியாளர். நட்சத்திரம் கம்பியைக் கடக்கும் நேரத்தைக் கடிகாரத்தின் டிக்டிக்கை வைத்துக் குறிப்பது அவர் வேலை. தலைவர் குறித்ததற்கும் உதவியாளர் குறித்ததற்கும் 0.8 வினாடி வித்தியாசம் வந்தது. எச்சரித்தும் குறையவில்லை. 1796இல் அவரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு இந்தச் செய்தியைப் படித்தவர் பெஸல். 'அவன் கவனக்குறைவானவன்' என்று அவர் கடந்து போய்விடவில்லை. இன்னொரு தேர்ந்த வானியலாளரோடு தானும் உட்கார்ந்து ஒரே நட்சத்திரங்களைக் குறித்துப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஏறத்தாழ ஒரு வினாடி வித்தியாசம்! இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள், கவனமானவர்கள். அதாவது, ஒவ்வொரு மனிதனுக்கும் அவனுக்கே உரிய ஒரு தாமதம் இருக்கிறது. அது குற்றம் இல்லை, அளக்க வேண்டிய ஒரு அளவு. பாவம், கின்னப்ரூக்குக்கு அந்த நியாயம் காலம் கடந்துதான் கிடைத்தது.

"உன் அளவிலே ரெண்டு தடவையும் அமுக்குறது ஒரே கைதானே? அப்ப அந்த நிரந்தரத் தாமதம் கழிஞ்சு போயிடும். மிச்சம் இருக்கிறது கை தடுமாற்றம் மட்டும். அதுக்கு மருந்து, நிறையத் தடவை எடுக்கிறது. எதையும் அடிக்காம எடு" என்றார் சார்.

மழை விட்ட பிறகு டிசம்பரில் மறுபடி மாடி ஏறினேன். அறுபது ரீடிங். 0.8உம் 1.7உம் அப்படியே நோட்டில் இருந்தன. மேகம் வந்த இரவுக்கு 'மேகம்' என்று எழுதினேன். கடைசி விடை 34 விகலை, பிழை 4. புத்தகத்தை விட்டு மூன்று தள்ளி. கோணமானியில்தான் பெரும்பாலான பிழை என்று கணக்குப் போட்டபோது தெரிந்தது. இரண்டு மூன்று பாகை சாய்வு தப்பினாலே விடை இரண்டு மூன்று விகலை ஓடிவிடும். 31.2 எழுதியபோது இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

இது சின்ன விஷயம், இதற்கு இவ்வளவு பேச்சா என்று நினைக்கலாம். வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் ஆண்டு, ஓர் ஆலை. பெயர் வேண்டாம். ஒரு பெரிய பம்ப்பின் பேரிங் சிக்கி, ஆலை இரண்டு நாள் நின்றது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. விசாரணைக் குழுவில் நான்தான் இளையவன். இரவு ஷிஃப்ட் லாக் ஷீட்டைப் பார்த்தேன். பேரிங் வெப்பநிலை மணிக்கொரு தடவை 62, 62, 63, 62. மூன்று இரவும் அதேதான். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதிய எழுத்து. மற்றவர்கள் யாருக்கும் உறுத்தவில்லை. எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அந்த எழுத்து என் எழுத்து மாதிரியே இருந்தது.

எழுதிய ஆபரேட்டரை நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சார், ராத்திரி ஒரு ஆள்தான். ரெண்டு இடம் பாக்கணும். அந்தப் பம்ப் கிட்ட போனா இங்க அலாரம் அடிச்சா யார் பாக்குறது? காலையிலே ஒரு கட்டம் காலியா இருந்தாலும் மெமோ." ஷீட்டைத் திருப்பிப் பார்த்தேன். உண்மைதான். அதில் 'எடுக்கவில்லை' என்று எழுதவே இடமில்லை. எண்ணைத் தவிர வேறு எதையும் ஏற்றுக்கொள்ளாத ஷீட், எண்ணைத்தான் உற்பத்தி செய்யும். அவர் செய்தது தப்புதான், அதை அவரும் மறுக்கவில்லை. ஆனால் அவரை மட்டும் அனுப்பிவிட்டால் அடுத்து வருகிறவரும் 62தான் எழுதுவார். இதைத்தான் அறிக்கையில் எழுதினேன். அவர் வேலை தப்பித்தது. ஷீட்டில் 'எடுக்கவில்லை, காரணம்' என்று ஒரு பத்தி சேர்ந்தது. முதல் மாதம் அந்தப் பத்தி நிரம்பி வழிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இரவு ஷிஃப்டுக்கு இன்னோர் ஆள் போட்டார்கள்.

மறுபடி நட்சத்திரத்துக்கு வருகிறேன். இதே 61 சிக்னி, தேர்ந்தவர்களையும் ஏமாற்றியிருக்கிறது. 1942இல் ஸ்ட்ராண்ட் என்பவர், இந்த ஜோடியின் நகர்வில் ஒரு சின்னத் தள்ளாட்டம் இருப்பதாகவும், வியாழனைப் போல் 16 மடங்கு நிறையுள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் அங்கே சுற்றுவதாகவும் அறிவித்தார். வேறு சூரியனுக்கு ஒரு கோள் என்று அந்தக் காலத்தில் அது பெரிய செய்தி. அவர் எதையும் இட்டுக்கட்டவில்லை, புகைப்படத் தகடுகளை நேர்மையாகத்தான் அளந்தார். ஆனால் தள்ளாட்டம் அளவின் பிழைக்குள்ளேயே இருந்தது. பிற்காலத்தில், 1978இல் ஹைன்ட்ஸ் மறு ஆய்வு செய்தபோது அது நிற்கவில்லை. இன்று வரை அங்கே கோள் எதுவும் உறுதியாகவில்லை. ஸ்ட்ராண்டின் தவறைத் திருத்த முடிந்தது, ஏனென்றால் தகடுகள் உண்மையானவை. என் நாலு இரவுகளை யாராலும் திருத்த முடியாது. இல்லாத ரீடிங்கை எப்படித் திருத்துவது?

தம்பி தங்கைகளே, இன்றைக்கே இந்த நட்சத்திரத்தைப் பார்த்துவிடலாம். விருந்து முடிந்து ஏழு மணிக்கு மாடிக்கு வாருங்கள். இந்த டிசம்பர் இறுதியில் அன்னம் வடமேற்கு வானில், அடிவானத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், ஒரு சிலுவை மாதிரி நிற்கும். அதன் வால் பக்கம் பிரகாசமாக இருப்பது டெனப். மார்பில் காமா. ஒரு சிறகில் எப்சிலான். இந்த மூன்றையும் ஓர் இணைகரத்தின் மூன்று மூலைகளாக வைத்துக்கொண்டு, காமாவுக்கு எதிர்மூலையைத் தேடுங்கள். அங்கேதான் 61. நன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் ஏப்ரல், மே மாதங்களில் விடியலுக்கு முன் எழுந்திருங்கள். நடு வானைக் கடக்கும்போது வடக்கில் அறுபது பாகைக்கு மேல் ஏறிவிடும். பைனாகுலரை ஏதாவது ஒன்றின்மேல் ஊன்றிப் பிடித்தால் இரண்டாகப் பிரிந்து தெரியலாம். முப்பது மடங்கு டெலஸ்கோப் என்றால் சந்தேகமே இல்லை.

டெனப்பையும் இதையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கண்ணைப் பறிக்கும் டெனப் ஆயிரம் ஒளியாண்டுக்கும் அப்பால். கண்ணுக்கே எட்டாத இது, 11.4 ஒளியாண்டில் நம் பக்கத்துத் தெரு. நம் சூரியனையே கொண்டுபோய் அங்கே வைத்தால் சப்தரிஷி மண்டலத்து நட்சத்திரம் ஒன்றைப்போல, சுமாராகத்தான் தெரியும். நான் 2012இல் பெட்டி படுக்கையோடு இந்தக் கல்லூரி வாசலில் பஸ் ஏறினேன். அன்று அங்கிருந்து கிளம்பிய ஒளி 2023இல்தான் இங்கே வந்து சேர்ந்தது. அதற்குள் எனக்குத் தலையில் பாதி போய்விட்டது.

ஒளி மட்டுமல்ல, அந்த ஜோடியே நம் பக்கம் வினாடிக்கு 65 கிலோமீட்டர் நெருங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஏறக்குறைய இருபதாயிரம் ஆண்டில் ஒன்பது ஒளியாண்டு அளவுக்கு வந்துவிட்டு, பிறகு விலகிப் போகும். பெஸல் பார்த்த இடத்திலிருந்து இன்று வரை அரை நிலா அகலம் நகர்ந்திருக்கிறது. அவருடைய ஆய்வகம் 1944 குண்டுவீச்சில் அழிந்துவிட்டது. கோனிக்ஸ்பர்க் என்ற ஊர்ப் பெயரே மாறி, இப்போது காலினின்கிராட். ஆனால் அவர் எழுதிய எண்களும் அவற்றின் பிழையும் இருக்கின்றன. அவற்றை இன்றும் எடுத்து ஒப்பிடலாம்.

நாமும் ஒப்பிடலாம். 2011இல் என் அறைத் தோழன் தன் கேமராவில் 200 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு, இதே மாடியிலிருந்து அன்னத்தைப் படம் எடுத்தான். அந்தப் படம் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடைத்தது. 2024இல் நான் மறுபடி எடுத்தேன். மற்ற நட்சத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தினால் 61 மட்டும் வடகிழக்காகத் தள்ளி நிற்கிறது. பதின்மூன்று ஆண்டில் 66 விகலை, பிழை 4. ஆண்டுக்கு ஐந்து விகலை. பியாஸியின் பறக்கும் நட்சத்திரம் பறந்ததை, நம் கல்லூரி மாடியிலிருந்தே பார்த்துவிட்டோம்!

அந்த இரண்டு படங்களையும் அச்சிட்டு ஒட்டி, இந்தத் தடித்த ரெஜிஸ்டரைக் கொண்டுவந்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என்னுடைய அறுபது ரீடிங்கும் இருக்கின்றன. என் பொய்யான நாலு இரவுகளையும் ஒரு மூலையில் எழுதி, குறுக்கே கோடு போட்டு, 'இவை எடுக்கப்படவில்லை' என்று கையெழுத்து இட்டிருக்கிறேன். இதை இயற்பியல் துறையில் வைத்துக்கொள்ள முதல்வர் அனுமதித்திருக்கிறார். ஒவ்வொரு ஆண்டும் இறுதியாண்டு மாணவர்கள் ஒரு படம் எடுத்து ஒட்டுங்கள், இடைவெளியை அளந்து எழுதுங்கள். விடை புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. பிழையை மட்டும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். மழை பெய்தால் 'மழை' என்று எழுதுங்கள். மாடி ஏறச் சோம்பலாக இருந்தால் 'சோம்பல்' என்றே எழுதுங்கள், பரவாயில்லை. ஐம்பது ஆண்டு கழித்து இந்த ரெஜிஸ்டரைப் புரட்டுகிறவர் நம் யாரையும் நேரில் பார்த்திருக்க மாட்டார். நாம் எழுதிய எண்ணை நம்பித்தான் அவர் கணக்குப் போடுவார்.

சார், டிசம்பரில் நான் 34 என்று கொண்டுவந்த அன்று நீங்கள் நோட்டில் போட்ட மார்க் என்னவென்று இன்னும் யாரிடமும் சொன்னதில்லை. அது நமக்குள்ளேயே இருக்கட்டும். அன்றைக்கு டீக்குக் காசு நீங்கள்தான் கொடுத்தீர்கள். இன்றைக்கு நான் தருகிறேன்.